அண்ணனுக்காகப் பெண் பார்க்க வந்தவர்

எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்களுக்கு ஒரு தாள் முழுக்க இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரர் கதைகள். இரும்புச் சட்டை, ஈட்டி, கோட்டை, ஜன்னலில் ஒரு சீமாட்டி. வீரன் தன் ராஜாவுக்கு உயிரையே தருவதாக வாக்குக் கொடுப்பான். கொடுத்த கையோடு அந்த ராஜாவின் பெண்டாட்டி மேலேயே காதல் கொள்வான். பிறகு பக்கம் பக்கமாக மனச்சாட்சியோடு மல்லுக்கட்டுவான். டெல்லி மே மாத வெயிலில், பஸ்ஸில் நின்றுகொண்டே இதையெல்லாம் படிக்கும்போது, அந்த இரும்புச் சட்டைக்குள் மனுஷனுக்கு எப்படி வேர்த்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அதில் ஒரு வகைக் கதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ராஜா ஒருவர் தனக்குப் பெண் கேட்டுத் தான் போகாமல், தான் வளர்த்த பையனைக் கடல் தாண்டி அனுப்புவார். அவன் பெரிய வீரன், சொன்ன சொல் தவறாதவன். போய்ப் பேசி முடித்து, பெண்ணைக் கப்பலில் கூட்டி வருவான். கப்பல் கரை சேருவதற்குள் அவனும் அவளும் ஒருவர்மேல் ஒருவர் உயிராகிவிடுவார்கள். ஆனாலும் கொண்டுபோய் ராஜாவிடம் ஒப்படைத்துவிடுவான். அதற்கப்புறம் ஒளிவு, மறைவு, பொய், வேவு, கடைசியில் சாவு. வகுப்பில் பஞ்சாபிப் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கப்பலைத் திருப்பியிருக்கலாமே, எவன் தடுத்தான்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அதே வருஷம் எனக்கும் அப்படி ஒரு ஆள் வந்து சேர்ந்தார். கடலுக்கும் கப்பலுக்கும் பதிலாக மெட்ராஸ் ரயில், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர். நானும் தங்கையும் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களைப் போன்ற பெண்களுக்கு வரன் வருவதில் ஒரு சிக்கல் உண்டு. மாப்பிள்ளை வீடு மெட்ராஸிலோ மதுரையிலோ இருக்கும். பெண் பார்க்க அத்தனை பேர் இரண்டு நாள் ரயிலேறி, இந்தக் குளிரில் யார் வருவது? அதனால், "டெல்லியில நமக்கு யாரு இருக்கா?" என்று யோசிப்பார்கள். யாராவது ஒரு மருமகன், ஒரு மச்சினன், ஆபீஸ் நண்பரின் தம்பி இருப்பார். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று அவருக்குப் போன் போகும். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, உயரம், நிறம், நடை எல்லாவற்றையும் மெட்ராஸுக்கு ஒப்பித்துவிடுவார். அவர் சரி என்றால்தான் பெண்ணை ரயிலேற்றி மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் நாங்கள் இந்த ஆட்களுக்கு 'தூதர்' என்று பேர் வைத்திருந்தோம்.

எனக்கு வந்த வரன் அமெரிக்காவில் இன்ஜினீயர். தை மாதம் லீவில் மெட்ராஸ் வருவதாக இருந்தார். தூதர் அவருடைய சித்தப்பா மகன். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, பெரியம்மா வீட்டில், அதாவது மாப்பிள்ளையின் அம்மாவிடம், வளர்ந்தவர். படிக்க வைத்தது அந்த அமெரிக்க அண்ணன்தான். இப்போது லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு ஆபீசில் வேலை, மொட்டைமாடியில் தகரக் கதவு போட்ட ஒற்றை அறையில் ஜாகை. இதையெல்லாம் அவர் வருவதற்கு முன்பே அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இன்னும் குளிரே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மஃப்ளர், ஸ்வெட்டர், காதை மூடிய குரங்குக் குல்லா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு குல்லாவைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே இருந்தார்.

"தம்பி, நல்லா சாஞ்சு உக்காருங்க. நம்ம வீடுதான்" என்றார் அப்பா.

"இல்ல, பெரியம்மா சில கேள்வி கேக்கச் சொன்னாவ. தப்பா எடுத்துக்கிடாதீய." வெட்கத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது. "டெல்லியில வளந்த பொண்ணுல்லா... தமிழ் பேசுவாளான்னு கேட்டாவ."

நான் எதிரில்தான் நின்றிருந்தேன். என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

"பேசவும் செய்வேன், ஏசவும் செய்வேன். எது முதல்ல வேணும்?" என்றேன்.

"ஏட்டி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தூதர் சிரித்த சிரிப்பில் கேசரி புரைக்கேறி, தங்கை தண்ணீர் கொண்டுவர ஓடினாள். இருமி முடித்துவிட்டு, "எங்க திருநெல்வேலியிலயே இப்ப யாரும் இப்படிப் பேசுறதில்ல. மெட்ராசுக்குப் போயி பாதிப் பேரு மாறிட்டாவ" என்றார். விஷயம் என்னவென்றால், அப்பா திருநெல்வேலியை விட்டு வந்தபோது எந்தத் தமிழைக் கொண்டுவந்தாரோ அதேதான் எங்கள் வீட்டில் அப்படியே கிடந்தது. நடுநடுவே 'அச்சா', 'ஜல்தி' எல்லாம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். படிக்கத்தான் எனக்கு வராது. அதையும் அவரிடம் சொன்னேன். கடை போர்டு என்றால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

"படிப்பாள்னு சொல்லிடுதேன்" என்றார் தூதர்.

"பொய் சொல்லாதீய."

"அப்ப, படிச்சுக்கிட்டிருக்காள்னு சொல்லுதேன். எம்.ஏ. படிக்கீயல்லா? அது பொய்யில்லையே."

முதல் நாளே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படியில்லை. முதல் நாள் எனக்கு அந்தக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் பெரியம்மாவுக்கு ஒரு தடவையில் திருப்தி வரவில்லை. வாரா வாரம் தூதரின் ஆபீசுக்குப் போன் பண்ணிப் புதிதாக ஒரு சந்தேகம் கேட்பார். பாடுவாளா? கண்ணாடி போடுவாளா? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? தூதர் ஒவ்வொன்றுக்கும் மெனக்கெட்டு வருவார். அம்மா சாப்பிடச் சொல்வாள். அவளை 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு கேரம். அப்பா தோற்றால் முகம் சுருங்கிவிடும் என்று கண்டுபிடித்து, சிவப்புக் காயைக் குழிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுத் தன் முறையைக் கெடுத்துக்கொள்வார். அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்புறம் பஸ். நார்த் கேம்பஸிலிருந்து வீட்டுக்கு வர நான் நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். சாயங்கால டெல்லி பஸ் எப்படி இருக்கும் என்று அதில் போன பெண்களுக்குத்தான் தெரியும். எந்தக் கை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நானும் என் தோழிகளும் துப்பட்டாவில் எப்போதும் குத்துவதற்கு ஒரு ஊக்கு வைத்திருப்போம். ஒரு நாள் அந்த நெரிசலில் நான் நசுங்கியதைத் தூதர் பார்த்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து நான் பஸ் மாறும் இடத்தில் டிபன் பையோடு நிற்க ஆரம்பித்தார். என்னை ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டுத் தான் குறுக்கே நின்றுகொள்வார். ஒருத்தன் இடித்துக்கொண்டே இருந்தபோது திரும்பி, "பாயி சாப், ஆகே ஜாயியே, ஆகே!" என்று, முன்னால் போகச் சொல்லி, திருநெல்வேலி இந்தியில் முழங்கினார். பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. அவன் நகர்ந்துவிட்டான்.

"என்கிட்ட ஊக்கு இருக்கு. நீங்க சும்மா நின்னாப் போதும்" என்றேன்.

"உங்களப் பத்திரமாப் பாத்துக்கிடச் சொல்லி அண்ணன் சொல்லியிருக்கான்."

அதுதான் எரிச்சல். எதைச் செய்தாலும் அதில் ஒரு அண்ணன். எனக்காக வேர்க்கடலை வாங்கி உரித்துத் தருவார், "அண்ணனுக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்பார். மழையில் குடையை என் பக்கம் சாய்த்து, தான் முழுக்க நனைந்து, "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அண்ணன் என்னத்தான் ஏசுவான்" என்பார். அந்தப் பழைய வீரர்களும் இப்படித்தான். ராட்சசனை வெட்டினாலும் ராஜாவின் பேரைச் சொல்லித்தான் வெட்டுவார்கள்.

எந்தக் கடலையில், எந்த மழையில் மனசு சாய்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அதே குரங்குக் குல்லாவோடு, சளி பிடித்த மூக்கோடு வந்து நின்றார். எனக்கு அவர் அழகாகத் தெரிந்தார். போச்சுடா, மாட்டிக்கிட்டோம் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. அவருக்கும் ஏதோ இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. தை பிறந்ததும் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப் போவார்கள், அண்ணனுக்குக் காட்டுவார்கள். அண்ணன் சரி என்றால் முடிந்தது. எனக்கு அண்ணன் வேண்டாம், தம்பிதான் வேண்டும். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதல்ல என் கவலை. தம்பி வாயைத் திறப்பாரா என்பதுதான்.

தையும் பிறந்தது. தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதால் அம்மா வரவில்லை. அப்பா, நான், தூதர் மூன்று பேர். டிக்கெட்டெல்லாம் தூதர்தான் எடுத்திருந்தார். விடியற்காலையில் ரிசர்வேஷன் கியூவில் நின்று, போகவும் வரவும் மூன்று பெர்த்தும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி வாங்கியிருந்தார். அதில் அவருக்கு ஒரே பெருமை.

பனிமூட்டத்தில் வண்டி கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பிளாட்பாரத்தில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். எதிர் பிளாட்பாரம்கூடத் தெரியவில்லை. அப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய் விசாரித்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரமாம்" என்று வந்து உட்காருவார். எனக்கு அந்த வண்டி வராமலே போனாலும் சம்மதம்தான்.

மறுநாள் நாக்பூர் தாண்டியதும் நல்ல வெயில். தூதர் குல்லாவைக் கழற்றினார். அப்பா சாப்பிட்டுவிட்டு மேல் பெர்த்தில் ஏறிக் குறட்டை விட ஆரம்பித்தார். நான் அந்தக் கப்பல் கதையை அவருக்குச் சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். ஆரஞ்சுச் சுளையைக் கையில் பிடித்தபடி, வாயில் போடக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் நேரா ராஜாகிட்டயே சொல்லியிருக்கணும்" என்றார் கடைசியில். "வளத்த மனுஷன்லா? புரிஞ்சிருப்பாரு. இவனாப் பயந்துக்கிட்டு இவ்வளவு பேரையும் சாவடிச்சிட்டான்."

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீயளா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பருத்திக் காடு ஓடிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்க்காமலேயே, "உங்களக் கூட்டிட்டுப் போற வேலைக்கு நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது" என்றார்.

என் நெஞ்சு அடித்த அடியில் மேல் பெர்த்தில் அப்பா விழித்துக்கொள்வாரோ என்று பயமாகிவிட்டது.

"அப்ப அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"அவன் எனக்கு அப்பா ஸ்தானம். எப்படிச் சொல்ல?"

"சரி, நான் சொல்லுதேன். அவர் உங்களக் கேட்டார்னா நீங்க ஆமான்னு தலைய ஆட்டினாப் போதும். அதுகூடவா முடியாது?"

அவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சுளையை என்னிடம் நீட்டினார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் ஒரே ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மாம்பலத்தில் என் சித்தப்பா வீட்டில் பெண் பார்க்க ஏற்பாடு. என் புடவையைப் பார்த்து, பூவைப் பார்த்து, பெரியம்மா என்னிடம் நேராகவே, "தமிழ் நல்லாத்தான் பேசுத" என்று சான்றிதழ் கொடுத்தார். மாப்பிள்ளை சுமாரான உயரம், கலகலப்பான ஆள். பஜ்ஜியைக் கடித்ததும், "ஆகா, இதுக்காகவே இந்தியா வரலாம்" என்றார். பிறகு, "நாங்க கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்று கேட்டார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனியாக எப்படி அனுப்புவது? பெரியம்மாவே வழி கண்டுபிடித்தார். "ஏல, நீயும் துணைக்குப் போ" என்று தூதரை எங்கள் பின்னால் அனுப்பிவிட்டார்.

இப்படியாக மொட்டைமாடியில் நாங்கள் மூன்று பேர். நான், மாப்பிள்ளை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூதர்.

"உங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் மாப்பிள்ளை.

"கேக்க ஒண்ணுமில்ல. சொல்லணும்" என்றேன். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்கு உங்க தம்பியைத்தான் பிடிச்சிருக்கு. அவருக்கும் அப்படித்தான்னு நெனைக்கேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டார். கேலியே இல்லாத சிரிப்பு.

"பெரிய மனசெல்லாம் எதுக்குங்க? உங்களப் பார்த்தே எனக்கு அரை மணி நேரம்தான் ஆகுது" என்றார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, "டேய், இங்க வா. இவங்க சொல்றது கேட்டுச்சுல்ல? உனக்கும் விருப்பம்னா சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உண்மையாச் சொல்றேன்டா" என்றார்.

இப்படி ஒரு ராஜாவை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. கோட்டைக் கதவைத் திறந்து, குதிரையையும் பிடித்துக்கொடுத்து, போய்யா என்கிறார். இனி ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. நான் தூதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். அண்ணனின் செருப்பைப் பார்த்தார்.

"இல்லண்ணே. அப்படி ஒண்ணுமில்ல. நான் உனக்காகத்தான் எல்லாம் செஞ்சேன். அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார்.

அவங்க. இத்தனை நாளும் என்னிடம் திருநெல்வேலித் தமிழ் பேசியவர் அண்ணன் முன்னால் மெட்ராஸ் தமிழுக்குப் போய்விட்டார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அந்தப் புத்தக வீரர்கள் காதலிக்காக ராஜாவிடம் ஆயிரம் பொய் சொன்னார்கள் என்று எத்தனை ஏசியிருப்பேன்! இந்த ஆள், ராஜா கேட்காத விசுவாசத்துக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அந்தத் துரோகிகளே தேவலாம் என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "கவலைப்படாதீங்க. எனக்குத்தான் ஒத்துவராதுன்னு கீழ சொல்லிடறேன். உங்க பேர் வெளிய வராது" என்றார். சொன்னபடியே செய்தார். பெரியம்மாவின் வசவையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார். கோபத்தில் இவரையே கட்டிக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு விநாடி தோன்றியது. நல்லவேளை, விநாடியோடு போயிற்று.

என் வயிற்றில் எதுவும் தங்காது. சாயங்காலமே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மொட்டைமாடியில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "அந்தத் தம்பிக்கு நெசமாவே ஒண்ணுமில்லையா?" என்று மட்டும் கேட்டார். "இருக்குப்பா" என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதேன். அப்பா என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தப் பாழாய்ப்போன ரிட்டன் டிக்கெட் இருந்ததே! பொங்கல் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் சமயம். எந்த வண்டியிலும் இடம் இல்லை. சித்தப்பா அலைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஆக, மூன்று பெர்த், ஒரே இடம், இரண்டு நாள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். தூதர் தன் பழைய பழக்கத்தை விடவில்லை. வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கித் தண்ணீர் பிடித்து வந்தார். அப்பாவுக்கு வெந்நீர், எனக்கு வாழைப்பழம். நான் பழத்தைத் தொடவில்லை. பக்கத்து சீட்டு போபால் அம்மா, "கித்னா அச்சா லட்கா ஹை" என்று என்னிடம் மெச்சிக்கொண்டாள். எவ்வளவு நல்ல பையன்! அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

பனியில் வண்டி ஊர்ந்துதான் வந்தது. விடிகாலையில் டெல்லி சேர வேண்டியது, குவாலியர் தாண்டும்போதே நன்றாக விடிந்துவிட்டது. அப்பா நடு பெர்த்தில் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். போபால் அம்மா இறங்கிப் போய்விட்டிருந்தாள். கீழே நானும் தூதரும் மட்டும்.

"நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக.

புத்தகத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை நான். "தெரியும்."

"உங்களப் பிடிச்சிருக்கு. டிசம்பர்லேர்ந்தே. அவன் முன்னால நிக்கும்போது எனக்கு நாக்கு எழும்பல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுதீய? உங்க அண்ணன் கேட்டார்லா, அப்ப சொல்லியிருக்கணும். அவ்வளவு தூரம் எறங்கி வந்து கேட்ட மனுஷன்கிட்ட சொல்ல முடியல. எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? எனக்குத் தெரியாததா?" என் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணில் நீர் வந்ததில் எனக்கு என் மேலேயே கோபம்.

அப்போது நடு பெர்த்தில் போர்வை அசைந்தது. அப்பாவின் தலை வெளியே வந்தது.

"தம்பி, நான் முழிச்சுதான் இருக்கேன்" என்றார்.

தூதர் பதறி எழுந்ததில் தலை பெர்த்தில் இடித்தது.

"உக்காருங்க, உக்காருங்க. இப்ப ஒண்ணும் குடி முழுகிப் போகல." அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்தது ஆக்ரா. வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். பிளாட்பாரத்துலயே எஸ்.டி.டி. பூத் இருக்கு. எறங்கிப் போயி உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. 'ஆமாண்ணே, எனக்கும் அந்தப் பிள்ளையப் பிடிச்சிருக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். உங்க பெரியம்மாகிட்ட நானே பேசுதேன்."

எனக்கு நம்பவே முடியவில்லை. என் அப்பா! ஜாதகம் பார்க்காமல் கல்யாணப் பேச்சையே எடுக்காத மனுஷர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தூதரின் கண் கலங்கிவிட்டது. "கண்டிப்பாச் சொல்லுதேன்" என்றார். இரண்டு தரம் சொன்னார். சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். ஆக்ரா வருவதற்கு வெகுநேரம் முன்பே போய்க் கதவருகில் நின்றுவிட்டார்.

வண்டி நின்றது. பனி விலகி மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே பூத். உள்ளே ஆளே இல்லை, போன் சும்மாத்தான் கிடந்தது. தூதர் இறங்கி வேகமாக நடந்து பூத் வாசலுக்குப் போய் நின்றார். கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். நானும் அப்பாவும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் வந்து இவரைத் தாண்டி உள்ளே போய், யாருடனோ பேசி முடித்துவிட்டு வெளியே வந்தார். தூதர் அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி போன் காலியாக இருந்தது. என்ஜின் ஊதியது. தூதர் கதவை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இனிப்புத் தள்ளுவண்டியை நோக்கி நடந்தார்.

வண்டி நகரும்போதுதான் ஓடிவந்து ஏறினார். மூச்சிரைக்க எங்கள் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. பூசணிக்காயில் செய்கிற ஆக்ரா பேட்டா.

"லைன் கிடைக்கல" என்றார். பிறகு பெட்டியை நீட்டினார். "அத்தைக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன். புதுசாப் போட்டது."

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த நிமிஷம் தெரிந்தது. வலித்தது. நிஜமாகவே நெஞ்சுக்குள் வலித்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், தூதர் முகத்தைப் பார்த்தார். நவம்பரில் முதல் நாள் வாசலில் கூப்பிட்டதிலிருந்து இத்தனை நாளும் அவரைத் தம்பி என்றுதான் அழைத்திருந்தார்.

அப்பா எழுந்து, இரண்டு கையாலும் மரியாதையாக அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எதுக்கு சார் உங்களுக்கு வீண் சிரமம்?" என்றார்.